மூலக் கோப்பின் மேல் எழுதாதீர்கள்: தமிழ் உரைகளை நிரலில் ஓட்டும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆயிரக்கணக்கான தமிழ்ப் பக்கங்களை ஒரு ஃபோல்டரில் குவித்துவைத்து, இரவு ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுகிறவர்கள், ஓசிஆர் செய்து எடுத்ததைத் துப்புரவு செய்கிறவர்கள், இணையத்திலிருந்து அள்ளிய உரையை வடிகட்டி மொழி மாதிரிகளுக்குக் கொடுக்கிறவர்கள், ஆய்வேட்டுக்காகச் சொல் எண்ணுகிறவர்கள், எல்லாரையும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் கோட் ஓடி முடித்த பிறகு கிடைக்கும் எழுத்தைப் படிப்பது என் வேலை. மெய்ப்புப் பார்க்கிறேன், அகராதிக்குச் சொல் திரட்டுகிறேன். உங்கள் உழைப்பின் மேல்தான் என் பிழைப்பு நிற்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நீங்கள் செய்துவைத்திருப்பது சிறிய காரியம் அல்ல என்பது எனக்குத் தெரியும். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியபோது ஆளாளுக்கு வீட்டில் உட்கார்ந்து கையால் தட்டச்சு செய்துதான் சங்க நூலையும் காப்பியத்தையும் இணையத்தில் ஏற்றினார்கள். பின்னால் தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களின் படிமங்களைத் திறந்துவிட்டபோது, ஈராயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தன. அத்தனை பக்கத்தையும் யார் தட்டச்சு செய்வது? த. சீனிவாசன் எழுதிய ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் பிடிஎஃப்பைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, கூகுள் டிரைவில் ஏற்றி, எழுத்தாக வாங்கிக் கொண்டுவந்து உரிய பக்கத்தில் ஒட்டியது. ஒருவர் ஆயுள் முழுக்கச் செய்தாலும் தீராத வேலை அது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அங்கே படிமம் பக்கத்திலேயே இருக்கிறது. ஐயம் வந்தால் கண்ணால் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில். படிமமும் இல்லாமல், மாற்றுவதற்கு முன்னிருந்த கோப்பும் இல்லாமல், என்ன செய்தோம் என்ற குறிப்பும் இல்லாமல், 'துப்புரவு செய்யப்பட்ட தொகுப்பு' என்ற பெயரோடு கைக்கு வருகிற குவியல்களைப் பற்றித்தான் சொல்கிறேன். அப்படிப்பட்ட ஒரு தொகுப்பில் வரிக்கு வரி ஐயம் வந்து, மூலக் கோப்புகளைத் தர முடியுமா என்று கேட்டு எழுதினேன். "மாற்றி முடித்ததும் பழையதை அழித்துவிட்டோம், இடம் அடைத்துக்கொண்டிருந்தது" என்று பதில் வந்தது. எழுதியவர் நல்ல மனிதர். என் கேள்வியில் இருந்த பதற்றமே அவருக்கு விளங்கவில்லை. விதைநெல்லை அரைத்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பதற்றம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் உங்கள் எல்லாருக்கும் எடுத்துச் சொல்லப் பார்க்கிறேன்.

கையால் தட்டச்சு செய்பவர் பிழை விடும்போது இடத்துக்கு ஒரு விதமாக விடுவார். ஓரிடத்தில் கால் விட்டுப்போகும், இன்னோரிடத்தில் லகரமும் ளகரமும் மாறும். படிக்கிறவருக்கு அது பிழை என்று உடனே தெரியும், ஏனென்றால் அடுத்த பக்கத்தில் அதே சொல் சரியாக இருக்கும். கோட் விடும் பிழை அப்படி அல்ல. முதல் பக்கத்தில் விட்டதையே கடைசிப் பக்கம் வரை, ஓரிடம் தப்பாமல் விடும். ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே வடிவம் வந்தால் அகராதிக்காரி என்ன நினைப்பாள்? இது வழக்கு என்று நினைப்பாள். எண்ணிக்கையைத்தானே நாங்கள் சான்றாகக் கொள்கிறோம்? உங்கள் ஸ்கிரிப்டின் பிழை என் கைக்கு வரும்போது சான்றின் வேடத்தில் வருகிறது. என்னைவிட மோசமான நிலை, அந்த உரையை விழுங்கித் தமிழ் கற்கும் கணினி மாதிரிகளுக்கு. அவற்றுக்குச் சந்தேகப்படவே தெரியாது.

ஒரே ஒரு சொல்லைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் உங்களுக்குப் புதியவை அல்ல. இலங்கையிலும் புலம்பெயர்ந்த ஊர்களிலும் எத்தனையோ இதழ்களும் நினைவு மலர்களும் அதில்தான் அச்சுக்குப் போயின. திரையில் 'அம்மா' என்று தெரியும். கோப்புக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகக் கிடக்கும். எம் என்றால் அகரம், கே என்றால் மகரம், அரைப்புள்ளிதான் புள்ளி, எச் என்றால் கால். இப்போது 'சேர்ந்து' என்ற சொல்லைப் பாருங்கள். நம் கையெழுத்திலும் அச்சிலும் ரகர மெய்க்குக் கீழ்க்கோடு இழுக்காமல், காலுக்கு மேல் புள்ளி வைத்த மாதிரி எழுதும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆகவே தட்டச்சு செய்தவர்களில் பலர் 'ர்' வேண்டிய இடத்தில் எச், அரைப்புள்ளி என்று அடித்தார்கள். அச்சில் அழகாகத்தான் விழுந்தது. 'சேர்' என்பதற்கு அவர்கள் அடித்தது, இரட்டைக்கொம்புக்குப் பெரிய என், சகரத்துக்கு ஆர், பிறகு எச், அரைப்புள்ளி.

உங்கள் மாற்றி இதைப் பார்க்கிறது. நீளமான தொடரை முதலில் மாற்ற வேண்டும் என்று நீங்கள் சொல்லிவைத்திருக்கிறீர்கள். அது சரியான விதியும்கூட. அதனால் என், ஆர், எச் மூன்றையும் சேர்த்துப் பிடித்து 'சோ' ஆக்குகிறது. மிச்சமிருக்கும் அரைப்புள்ளியைப் புள்ளியாக்கி அதன் தலையில் வைக்கிறது. வருவது 'சோ்ந்து'. இதைப் பல எழுத்துருக்களில் பார்த்தால் கண்ணுக்குச் 'சேர்ந்து' என்றே தெரியும்! மெய்ப்புப் பார்க்கிறவர் தாண்டிப் போய்விடுவார். தேடுபொறியில் 'சேர்ந்து' என்று தேடினால் மட்டும் அகப்படாது. 'அவர்' என்பது 'அவா்' ஆவதும், 'ஆசிரியர்' என்பது 'ஆசிாியா்' ஆவதும் இதே குடும்பத்துப் பிழைகள்தான். இணையத்தில் இவற்றைத் தேடிப் பாருங்கள், எவ்வளவு இருக்கின்றன என்று தெரியும்.

இது வரைக்கும் மீட்க முடியும். ஓகாரத்தின் மேல் புள்ளி தமிழில் வரவே வராது. ஆகவே 'சோ்' என்பதைக் கண்டால் அது 'சேர்' என்று திருப்பிவிடலாம். ஆனால் அடுத்து ஒரு நண்பர் வருகிறார். அவருடைய துப்புரவு ஸ்கிரிப்டில் ஒரு விதி இருக்கிறது: உயிர்க்குறிக்குப் பின் புள்ளி வந்தால் அது வழுவானது, நீக்கு. நல்ல எண்ணத்தில் எழுதிய விதி. அது ஓடி முடித்ததும் 'சோந்து' என்று நிற்கிறது. புள்ளி போனதோடு, அங்கே ஒரு ரகரம் இருந்தது என்பதற்கான கடைசித் தடயமும் போயிற்று. 'சோந்து' என்று வந்தால் நான் ஊகித்துக்கொள்வேன். 'பேர்' என்பது 'போ' ஆகிவிட்டால்? 'தேர்' என்பது 'தோ' ஆகிவிட்டால்? 'பத்துப் போ வந்தார்கள்' என்பது விளங்கும்; ஊர்ப்பெயரிலும் ஆள்பெயரிலும் பழம்பாட்டிலும் வரும்போது விளங்காது. மூலக் கோப்பு இருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்கிற சிக்கல் இது. இல்லாவிட்டால் ஒருபோதும் தீராது.

ஔகாரத்தின் கதையும் இப்படித்தான். பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கென்று தனிக்குறி இல்லை, ளகரத்தையே போட்டார்கள். அதனால் கொம்பு, ஒரு மெய், ளகரம் என்று வந்தால் ஔகாரமாக்கு என்று மாற்றிகளில் விதி எழுதப்பட்டது. 'மௌனம்' சரியாக வந்தது. கூடவே 'வெளிச்சம்' என்பது 'வௌிச்சம்' ஆயிற்று, 'தெளிவு' என்பது 'தௌிவு' ஆயிற்று, 'வெள்ளம்' என்பது 'வௌ்ளம்' ஆயிற்று. ளகரத்துக்குப் பின்னால் ஓர் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ளகர எழுத்தேதான், தொடாதே என்று ஒரு நிபந்தனை சேர்த்திருந்தால் பெரும்பாலானவை தப்பித்திருக்கும். அந்த நிபந்தனையைச் சேர்க்க வேண்டும் என்று தெரிவதற்கு, ஓட்டுவதற்கு முன் நூறு வரியைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

யூனிகோடிலேயே பிறந்த உரை என்றால் பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள். பைத்தானில் சொல் பிரிப்பதற்கு எல்லாரும் எடுத்துக்கொள்ளும் அந்தச் சுருக்கெழுத்து, பின்சாய்வும் சின்ன டபிள்யூவும் சேர்ந்தது, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. அதை வைத்து 'பாடல்' என்ற சொல்லைப் பிடித்தால் 'ப' தனியாகவும் 'டல' தனியாகவும் வரும். நிறுத்தற்குறிகளை நீக்குகிறேன் என்று அதே சுருக்கெழுத்தை எதிர்மறையாக்கி ஓட்டினால் 'தமிழ்' என்பது 'தமழ' ஆகும். 'அம்மா' என்பது 'அமம' ஆகும். சைக்கிட்-லேர்னில் சொல் எண்ணும் கருவியும் அதன் இயல்பு அமைப்பில் இப்படித்தான் பிய்க்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. ஸ்கிரிப்ட் வெற்றிகரமாக முடிந்தது என்று திரை சொல்லும். பல்லாயிரம் பக்கங்களில் ஒரு உயிர்க்குறிகூட மிஞ்சியிருக்காது. இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ரெஜெக்ஸ் என்று தனியாக நிறுவிக்கொள்ளும் தொகுதி உயிர்க்குறிகளைச் சரியாக நடத்துகிறது. ஓப்பன்-தமிழ் தொகுதி எழுத்தெழுத்தாகவே பிரித்துக் கொடுக்கிறது. ஆங்கில உரைக்கு எழுதிய துண்டை அப்படியே எடுத்து ஒட்டியதால்தான் இந்த அழிவு வருகிறது.

இன்னொன்று, பெரிய கோப்புகளைத் துண்டு துண்டாகப் படிக்கிறவர்களுக்கு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 65,536 பைட்டாக வெட்டிப் படித்தால் வெட்டு பெரும்பாலும் ஒரு குறியின் நடுவில்தான் விழும், ஏனென்றால் அந்த எண் மூன்றால் வகுபடாது. இடைவெளிகளும் ஆங்கில எண்களும் கலந்திருந்தால் எங்கே விழும் என்றே சொல்ல முடியாது. அப்போது கணினி பிழை காட்டும். அதுதான் அதன் கடமை. ஆனால் அந்தப் பிழை தொல்லையாக இருக்கிறது என்று 'பிழைகளைப் பொருட்படுத்தாதே' என்ற விருப்பத்தைப் போட்டுவிடுகிறீர்கள். அத்தோடு துண்டுக்கு ஒரு எழுத்து ஓசையில்லாமல் மறையும். வரி வரியாகப் படித்தால் இந்தச் சிக்கலே எழாது. எந்தப் பிழையையும் விழுங்காதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு கோப்பு திறக்கவில்லை என்றால் அதன் பெயரை ஒரு பட்டியலில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். விழுங்கிவிட்டால் அந்தக் கோப்பு இருந்ததே யாருக்கும் தெரியாமல் போகும்.

வடிகட்டுவதில் நடப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது. பல மொழிகளுக்குமாகச் சேர்த்துத் திரட்டிய எம்சி4 என்ற இணையத் தொகுப்பில், ஒரு பக்கத்தில் 200 குறிகளுக்குக் குறையாத வரி குறைந்தது மூன்று இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். பட்டியல்களையும் பொத்தான் எழுத்துகளையும் தள்ளிவிட அது நல்ல வழி என்று தோன்றியிருக்கும். ஒரு குறள் ஏழே சீர். இரண்டு அடியையும் சேர்த்து எண்ணினாலும் 200 குறியைத் தொடாது. வெண்பாவோ ஆசிரியப்பாவோ கட்டளைக்கலித்துறையோ, அடி அடியாக அச்சிட்ட எந்தச் செய்யுள் பக்கம் அந்த வாசலில் நுழையும்? உரைநடை விளக்கம் கூட இருந்தால்தான் செய்யுளுக்கு இடம். ஈராயிரம் ஆண்டுச் செய்யுள் கொண்ட மொழிக்கு அந்த ஒரு எண் என்ன செய்கிறது என்று அதை எழுதியவர்கள் யோசித்திருக்க நியாயமில்லை. நீங்கள் யோசிக்கலாம்; தமிழ் உங்களுக்குத் தெரியும்.

திரும்பத் திரும்ப வரும் வரியை நீக்கும் விதியும் அப்படியே. பக்கத் தலைப்புகளையும் விளம்பரங்களையும் ஒழிக்க அது வேண்டியதுதான். ஆனால் கீர்த்தனையில் ஒவ்வொரு சரணத்துக்கும் பின் பல்லவி திரும்ப வரும். கும்மியிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் ஒரே அடி திரும்பி வருவதுதான் பாட்டு. இரண்டாவது முறை வந்ததை எல்லாம் நீக்கிவிட்டு எனக்கு அனுப்பிய நாட்டுப்புறப் பாடல் தொகுதியைப் படித்தபோது, பாடியவர்களின் மூச்சையே அறுத்துவிட்டதாக எனக்குப் பட்டது.

புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டும் கிடைக்கவில்லை. பல பாட்டுகளில் சொற்கள் சிதைந்துபோயின. பதிப்புகளில் அந்த இடங்களில் புள்ளி புள்ளியாக இட்டிருப்பார்கள். அந்தப் புள்ளிகளுக்குப் பொருள் உண்டு: இங்கே ஏதோ இருந்தது, ஏடு செல்லரித்துவிட்டது, எனக்குத் தெரியவில்லை என்று பதிப்பாசிரியர் நமக்குச் சொல்கிறார். தொடர்ந்து வரும் புள்ளிகளை நீக்கும் உங்கள் விதி அந்தச் செய்தியை அழித்து, அறுந்த இரண்டு முனையையும் ஒட்டி, ஒருவரும் பாடாத ஓர் அடியை உண்டாக்குகிறது. பாட்டுகளுக்கு ஒன்று, இரண்டு என்று வரிசை எண் போடும் சின்ன லூப் ஒன்றும் போதும். 269ஆம் பாட்டு 267 ஆகிவிடும், அதற்குப் பின் வரும் அத்தனை பாட்டின் எண்ணும் இரண்டு தள்ளிப்போகும். நூறாண்டு ஆய்வு நூல்கள் காட்டும் மேற்கோள் எண் எதுவும் உங்கள் தொகுப்போடு பொருந்தாது.

1894இல் புறநானூற்றை அச்சிட்டவர் உ.வே. சாமிநாதையர். அதற்கு முன் 1887இல் சீவகசிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம். அவர் கையில் வந்ததும் பெரிய தரவுக் குவியல்தான். ஒரே நூலுக்குப் பல ஏடு. ஏட்டுக்கு ஏடு வேறுபாடு. புள்ளியும் இல்லை, ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேற்றுமையும் இல்லை. அவர் தமக்குச் சரி என்று பட்டதை மேலே அச்சிட்டார்; மற்ற ஏடுகளில் கண்டதைப் பிரதிபேதமாகக் காட்டினார்; எந்தெந்த ஏடு எங்கிருந்து யார் கொடுத்தது என்பதையும் முகவுரையில் எழுதினார். அதனால்தான் இன்று ஒருவர் அவரோடு மாறுபட முடிகிறது. அவர் தேர்ந்த பாடம் தவறு என்று நினைத்தால், மற்றதை எடுத்துப் பார்க்க வழி வைத்திருக்கிறார். தாம் தேர்ந்த பாடத்தை மட்டும் அச்சிட்டு ஏடுகளைத் தீயில் போட்டிருந்தால் அவருடைய புலமையை நாம் நம்பித்தான் ஆக வேண்டும், வேறு வழி இருந்திருக்காது. உங்கள் ஸ்கிரிப்டைப் பற்றி நான் கேட்பதும் இதையேதான். உங்களோடு மாறுபட எனக்கு வழி வையுங்கள்.

இதற்கு நீங்கள் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். இடம் போதாது என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அச்சுப் பக்கம் ஒன்றில் 250 சொல் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 2,000 குறி. குறிக்கு மூன்று பைட் என்றால் 6 கிலோபைட். ஒரு லட்சம் பக்கத்துக்கு 600 மெகாபைட். உங்கள் கைப்பேசியில் கிடக்கும் கல்யாண வீடியோ அதைவிடப் பெரியது. படிமங்கள் இடம் அடைக்கும், உண்மை. உரைக் கோப்புக்கு அந்தச் சாக்கு செல்லாது.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக வந்துவிட்டது, போதாதா என்றும் கேட்பீர்கள். அது எழுத்துக் கணக்கு என்றால், மேலே சொன்ன பக்கத்தில் இருபது எழுத்து பிழை. ஒவ்வொன்றும் ஒரு சொல்லைக் கெடுத்தால் பன்னிரண்டு சொல்லுக்கு ஒன்று கெட்டிருக்கிறது. அந்த இருபதும் பரவலாக விழாது. ரகர மெய், ஔகாரம், ளகரம் என்று குறிப்பிட்ட எழுத்துகளின் மேலேயே போய் விழும். தமிழில் 'அர்' விகுதி எத்தனை வினைமுற்றில், எத்தனை பெயரில் வருகிறது என்று யோசியுங்கள்.

நேரம் இல்லை, சம்பளம் இல்லை, இரவில் உட்கார்ந்து செய்கிறோம் என்பது மூன்றாவது பதில். இதற்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். ஆனாலும் நான் கேட்பவை இரவைக் கூட்டுபவை அல்ல. எழுதும் இடத்தை மாற்றுங்கள் என்பதுதான் முதலாவது. மூலம் இருக்கும் ஃபோல்டரைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, வெளியீட்டை வேறு ஃபோல்டரில் எழுதச் சொல்வது ஒரு வரி வேலை. ஒரே ஸ்கிரிப்ட் பாதியில் நின்று மறுபடி ஓடினாலும் கெடாது என்ற நிம்மதியும் அதிலேயே கிடைத்துவிடும். மாற்றியதையே மறுபடி மாற்றி இரட்டைப் பிழை ஆக்கும் ஆபத்து மூலத்தின் மேல் எழுதுகிறவர்களுக்குத்தான். உள்ளே போன கோப்பு எத்தனை, வெளியே வந்தது எத்தனை, போகும்போது புள்ளி எத்தனை, வரும்போது எத்தனை என்று எண்ணி ஒரு வரி எழுதிவைப்பதும் பெரிய காரியம் அல்ல. புள்ளியின் எண்ணிக்கை திடீரென்று சரிந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். எந்த விதி எத்தனை இடத்தை மாற்றியது என்று விதிவாரியாக எண்ணிவையுங்கள். ஏதோ ஒரு விதி நீங்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இடத்தில் பாய்ந்திருந்தால், பத்து இடத்தை எடுத்துக் கண்ணால் பாருங்கள். 'வௌிச்சம்' அங்கேயே அகப்படும்.

சோதிப்பதற்கு வேண்டிய விதிகளை வெளியே தேட வேண்டியதில்லை. சொல்லின் முதலில் எந்த எழுத்து வரும், ஈற்றில் எது வரும், எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே சொல்கிறது; நன்னூலும் சொல்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் மூன்றையும் முப்பது வரி கோடாக எழுதி வெளியீட்டின் மேல் ஓட்டிப் பாருங்கள். உயிர்க்குறியின் மேல் உயிர்க்குறி, குறியின் மேல் புள்ளி, சொல்லின் தொடக்கத்தில் தனிக்கால், எல்லாம் பளிச்சென்று வெளியே வந்து நிற்கும். ஆனால் ஒன்று: அவற்றைக் குறித்து மட்டும் வையுங்கள், கோடே திருத்த வேண்டாம். 'டீ', 'ரயில்', 'பஸ்' எல்லாம் அந்த விதிகளுக்கு அடங்காதவை. மக்கள் பேசுகிறார்கள், அவை இருக்க வேண்டும். எது பிழை, எது வழக்கு என்று முடிவு செய்ய என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். பட்டியலைக் கொடுங்கள், நாங்கள் உட்காருகிறோம். மெய்ப்புப் பார்க்க ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் எத்தனை பேர் இப்படி ஒரு வேலை கிடைக்காதா என்று காத்திருக்கிறார்கள்!

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த முறை ஒரு தொகுப்பை வெளியிடும்போது, துப்புரவு செய்த உரையோடு அதன் மூலத்தையும் அதே இடத்தில் வையுங்கள். ஓட்டிய ஸ்கிரிப்டை, அது எவ்வளவு அவசரத்தில் எழுதியதாக இருந்தாலும், வெட்கப்படாமல் உடன் வையுங்கள். மாறியவற்றின் எண்ணிக்கையையும் திறக்காமல் போன கோப்புகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிச் சேருங்கள். படிமம் இருந்தால், எந்த வரி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற எண்ணை உரையிலிருந்து நீக்காதீர்கள்.

ஏற்கெனவே வெளியிட்டுவிட்டவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். அழித்துவிட்டோம் என்று நீங்கள் நினைக்கும் மூலம் எங்காவது இருக்கக்கூடும். பழைய மடிக்கணினியில், மேசை இழுப்பறையில் கிடக்கும் சிடியில், ஊரில் டிடிபி நிலையம் வைத்திருந்த மாமாவின் கணினிப் பெட்டியில், அச்சகத்தில் பேஜ்மேக்கர் கோப்புகளாக. பாமினியோ, டிஸ்கியோ, டாமோ, டாபோ, அந்தக் கடைக்கென்றே செய்த பெயர் தெரியாத எழுத்துருவோ, எதில் இருந்தாலும் சரி. மாற்ற வேண்டாம், துப்புரவு செய்ய வேண்டாம், பெயரைக்கூட மாற்ற வேண்டாம். எழுத்துருக் கோப்பையும் மறக்காமல் சேர்த்து எடுங்கள். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது என்ன எழுத்து என்று யாராலும் படிக்க முடியாது. சிடிக்களின் பூச்சு உரிந்துகொண்டிருக்கிறது, கடைகளை மூடுகிறவர்கள் கணினியைப் பழைய விலைக்குப் போட்டுவிடுகிறார்கள். இந்த மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, இருப்பதை இருக்கிறபடியே இரண்டு இடத்தில் படியெடுத்து வையுங்கள். ஒரு படியைத் திறந்த களஞ்சியம் ஏதாவது ஒன்றில் ஏற்றிவிட்டு, எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தொகுப்புகளின் மெய்ப்பு வாசகி